மூட்டுவலி: பயிற்சி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை எழுதித் தருவது என் வேலையில்லை. உட்கார்ந்தவரை எழ வைப்பது, எழுந்தவரை நடக்க வைப்பது, அவ்வளவுதான். ஆனால் முழங்காலில் ஒத்தடப் பையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் படுத்திருப்பவர்களுக்குப் பேச்சுத் துணை நான்தான். டாக்டரிடம் கேட்க மறந்தது, கேட்கத் தயங்கியது, பக்கத்துப் படுக்கைக்காரர் கிளப்பிவிட்டது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மூட்டுவலி என்றாலே தேய்மானம்தானே?

மூட்டுவலி என்பது நோயின் பெயரே இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. அதன் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் ஒளிந்திருக்கலாம். அடிக்கடி பார்ப்பது என்னவோ சில வகைகள்தான். தேய்மானம் என்று எல்லோரும் சொல்லும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் ஒன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம், இன்னொன்று. யூரிக் அமிலம் படிகமாகிக் குத்தும் கவுட், வைரஸ் காய்ச்சல் விட்டுச்செல்லும் வலி, மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் வைப்பது என்று மற்றவை. மூட்டில் ஒன்றுமே இல்லாமல் அதைச் சுற்றியிருக்கும் தசைநாண் வீங்கினாலும் 'மூட்டு வலிக்கிறது' என்றுதான் சொல்வோம்.

ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒருவருக்குக் கேட்ட மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போவது இதனால்தான். வருகிறவர்கள் எல்லோருக்கும் எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரிகிறது. எப்போது வலிக்கிறது என்று சொல்லத்தான் பலருக்குத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பாதி நோயைக் காட்டிக்கொடுக்கும்.

'எப்போது' என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

கடிகாரத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கிறது, கொஞ்சம் நடமாடியதும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடுகிறது, மாலையில் வேலை முடிந்தபின் வலி கூடுகிறது என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். இறுக்கம் விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பல் துலக்கக்கூடப் பிரஷைப் பிடிக்க முடியவில்லை, மதியத்துக்கு மேல்தான் கை கைபோல இருக்கிறது என்றால் உள்ளே அழற்சி இருக்கிறது. அங்கே முடக்குவாதம் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நடுச்சாமத்தில் கால் கட்டைவிரல் தீப்பிடித்த மாதிரி எரிந்து எழுப்பிவிட்டால் கவுட் நினைவுக்கு வரவேண்டும். வயது நாற்பத்தைந்துக்குள், இரவின் பின்பாதியில் கீழ்முதுகு வலித்துத் தூக்கம் கலைகிறது, எழுந்து நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். இதில் வருடக்கணக்கில் 'தசைப்பிடிப்பு' என்றே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஒருமுறை முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கை மோதிரத்தை வலது கையால் திருகிக்கொண்டிருந்தார். அது நகரவில்லை. கேட்டதற்கு, "காலையில் கழற்றவே வராது, சாயங்காலம் தானாகச் சுற்றும்" என்றார். இரண்டு கைகளிலும் விரல் அடிமூட்டுகளை வரிசையாகச் சேர்த்து மெல்ல அழுத்திப் பார்த்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முழங்காலுக்குப் பயிற்சி சொல்வதை அன்று நிறுத்திவிட்டு, மூட்டுவாத நிபுணரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். முடக்குவாதம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகளைத் தேடிப் போகும். விரல் நுனிக்கு அடுத்த மூட்டை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். தேய்மானம் அந்த நுனி மூட்டில்தான் கடுகு முடிச்சு மாதிரி புடைக்கும்.

எந்த வலிக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது, கூடவே காய்ச்சலோ நடுக்கமோ இருக்கிறது என்றால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே செயற்கை மூட்டு வைத்தவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும். விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டியதுதான்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதிவிட்டார்கள். இனி நடையைக் குறைத்துக்கொள்ளட்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். தேய்மானம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. செருப்பின் அடிப்பாகம் தேய்கிற காட்சி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. நடந்தால் தேயும், நடக்காவிட்டால் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.

செருப்புக்கு உயிரில்லை, மூட்டுக்கு உண்டு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டு நீரிலிருந்துதான் வரவேண்டும். அழுத்தும்போது கழிவு வெளியேறுகிறது, அழுத்தம் விடும்போது சத்துள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது, ஸ்பாஞ்ச் மாதிரி. மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிவது இதனால்தான். பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்குக்கூட, ஓடாதவர்களைவிட முழங்கால் தேய்மானம் அதிகம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை.

குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. அதனால் அது மெலிவதே வலிப்பதில்லை. சுற்றியிருக்கும் உள்சவ்வு, அடியில் இருக்கும் எலும்பு, மூட்டு உறை, தசை இவைதான் வலிக்கின்றன. படத்தில் இடைவெளி குறுகியிருக்கும், ஆள் மலையேறுவார். படம் சுத்தமாக இருக்கும், ஆள் படியேற மாட்டார். இரண்டு வகையும் என் அறையில் வாரா வாரம் உண்டு. எக்ஸ்ரே எலும்பின் நிழலைக் காட்டும். உங்கள் தொடைத் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரி, என்ன பயிற்சி செய்வது?

முழங்காலுக்கு இரண்டை மட்டும் சொல்கிறேன். பத்து சொன்னால் ஒன்றும் நடப்பதில்லை.

முதலாவது, படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலின் பின்புறத்தால் அந்தத் துண்டைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடையின் முன்பக்கத் தசை இறுகுவது தெரிய வேண்டும். தெரியவில்லையா? உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துப் பாருங்கள், கல் மாதிரி ஆக வேண்டும். ஐந்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். பத்து தடவை. மூச்சை அடக்க வேண்டாம், வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடங்காது.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுவது. கை ஊன்றாமல். முதல் நாள் முடியாவிட்டால் உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதங்களை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்படி முன்னால் சாய்ந்து எழுங்கள். இறங்குவதுதான் இதில் பாதிப் பயிற்சி. தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி உட்காருங்கள். ஐந்தில் தொடங்கிப் பதினைந்துக்குப் போங்கள், பிறகு ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். வலிக்கலாம். முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் அடுத்த நாள் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் பலனைத் தேடாதீர்கள். இரண்டாவது வாரத்தில் விட்டவர்கள்தான் 'பயிற்சியெல்லாம் செய்து பார்த்தாயிற்று' என்று சொல்பவர்கள்.

சூடாகி வீங்கியிருக்கும் மூட்டுக்கு இந்த விதி பொருந்தாது. முடக்குவாதமோ கவுட்டோ கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில் மெல்ல மடக்கி நீட்டினால் போதும்.

எடையைக் குறைத்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். உடலில் 1 கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். 80 கிலோ இருப்பவர் 60 ஆக வேண்டியதில்லை. 75 ஆனாலே படியில் தெரியும். கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. சுமை தாங்காத விரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூட்டில் நீர் வற்றிவிட்டது என்கிறார்களே?

அப்படி யாருக்கும் வறண்டுபோவதில்லை. ஆரோக்கியமான முழங்காலிலேயே சில மில்லிதான் இருக்கும். தேய்மானத்தில் அந்த நீரின் வழவழப்புக் குறைகிறது, அவ்வளவுதான். வீங்கிய மூட்டில் நீர் வற்றுவதில்லை, அளவுக்கு மேல் சுரக்கிறது.

மூட்டில் கடக் கடக்கென்று சத்தம் வருகிறது. நெட்டி முறித்தால் மூட்டு கெடுமா?

வலியில்லாத சத்தத்துக்கு மருந்து தேவையில்லை. நெட்டி முறிக்கும்போது கேட்பது மூட்டு நீருக்குள் வாயு இடைவெளி உருவாகும் ஓசை. அதனால்தான் உடனே மறுபடி முறித்தால் வருவதில்லை, இருபது நிமிடமாவது ஆக வேண்டும். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் இதைத் தம் கையிலேயே சோதித்தார். அறுபது வருடத்துக்கு மேல் இடது கையை மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவைத்தார். கடைசியில் இரண்டு கையிலும் வாதம் இல்லை. 2009இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே ஆளை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் அந்தப் பொறுமைக்கே ஒரு பரிசு தரலாம்.

சத்தத்தோடு முழங்கால் சிக்கிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராமல் போனால் அது வேறு கதை. காட்டிவிடுங்கள்.

எம்ஆர்ஐயில் சவ்வு கிழிந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

இங்கே சவ்வு என்பது மெனிஸ்கஸ், முழங்காலில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது. முன்பு சொன்ன உள்சவ்வு வேறு. விளையாடும்போது முழங்கால் திருகி, அன்றிலிருந்து பூட்டிக்கொள்கிறது என்றால் எலும்பு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் அடிபடாமலே வலி வந்து, படம் எடுத்ததில் கிழிசல் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் நடுவயதினரும் முதியவர்களுமாக 991 பேருக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. நரைத்த முடிபோல வயதோடு வருகிற கிழிசல் அது. வலிக்குக் காரணம் அதுதான் என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

தேய்ந்த முழங்காலைத் துளைபோட்டுக் 'கழுவிவிடும்' ஆர்த்ராஸ்கோபி பற்றியும் கேட்பார்கள். 2002இல் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்குத் தோலில் கீறித் தையல் மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பார்த்ததில் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. எனக்குத் தெரிந்து ஆபரேஷன் உலகத்தை இவ்வளவு சங்கடப்படுத்திய சோதனைகள் குறைவு.

வலி முழங்காலில். டாக்டர் ஏன் இடுப்பைத் திருகிப் பார்த்தார்?

நல்ல டாக்டர். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் சில நரம்புகள் பொது. இடுப்பு மூட்டு கெட்டிருந்தால் வலி முழங்காலில் கேட்கலாம். இடுப்பு மூட்டு எங்கே என்று கேட்டால் எல்லோரும் பக்கவாட்டு எலும்பைக் காட்டுவார்கள். உண்மையில் அந்த மூட்டின் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில்தான் தெரியும். பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பையும் படம் எடுக்க வேண்டும். தொடை எலும்பின் தலை வளர்ச்சிப் பகுதியில் நழுவியிருக்கலாம், அதற்கு உடனடி ஆபரேஷன் தேவை.

வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்ளலாமா?

எது என்பதைப் பொறுத்தது. பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது, பலனும் ஓரளவுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. எடை குறைவானவர்கள், குடிப்பவர்கள், ஈரல் கெட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்றவை அழற்சியைக் குறைப்பவை. நன்றாகக் கேட்கும், விலையும் கேட்கும். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று பட்டியல் நீளம். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதாகத் தெரிந்து 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. குறைந்த அளவு, குறைந்த நாள், அதுவும் டாக்டரைக் கேட்டு. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பது சிறுநீரகத்தோடு விளையாடுவது.

முழங்காலுக்கும் கைவிரலுக்கும் டைக்ளோஃபினாக் ஜெல்லை முதலில் முயலலாம். ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். ஒரு தடவை தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள், சில நாள் வேளை தவறாமல் தடவ வேண்டும்.

ஒருவர் கொடுத்த பொடியில் மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. என்ன மருந்து என்றுதான் தெரியவில்லை.

அந்த வேகம்தான் எனக்குப் பயம். பெயரில்லாத பொடியோ மாத்திரையோ எல்லா மூட்டுவலியையும் மூன்று நாளில் துடைத்தெடுத்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஸ்டீராய்டின் மாயம் புதிதல்ல. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் முடக்குவாதத்தால் படுத்துக்கிடந்த ஒரு பெண்ணுக்கு அதை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. பக்கவிளைவுகள் பின்னாலேயே வந்தன. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது, தோல் லேசாகப் பட்டாலே கன்றிப்போவது, இடுப்பு எலும்பின் தலைக்கு ரத்தம் நின்று அது நொறுங்குவது.

இன்றும் சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான காலத்துக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. என்ன, எவ்வளவு என்று தெரியாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் அந்தப் பொடியைச் சாப்பிட்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்தாமே?

அதே மருந்துதான், அளவு மிகமிகக் குறைவு. முடக்குவாதத்துக்கு முதலில் கையில் எடுக்கும் மருந்தே அதுதான். வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், இது மூட்டு அரிபடுவதையே தடுக்கும். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஆரம்பித்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம். 'வயதாகிறது, அப்படித்தான்' என்று ஒரு வருடம் கடத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எந்தக் கிழமை என்று முடிவு செய்து அட்டையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் கூடத் தருவார்கள், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் 'ஆர்ஏ ஃபேக்டர்' என்ற ரத்தப் பரிசோதனையைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு கலங்கி வருபவர்களுக்கு: நோயில்லாதவர்களிடமும் அது பாசிட்டிவாக இருக்கும், நோயுள்ள சிலரிடம் நெகட்டிவாகவும் இருக்கும். வீங்கிய மூட்டுதான் முதல் சாட்சி.

யூரிக் அமிலம் கூடியிருக்கிறது. பருப்பு, கீரையெல்லாம் நிறுத்திவிட்டேன். சரிதானே?

மூட்டில் தாக்குதலே வராமல், பரிசோதனையில் எண் மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலோருக்கு மருந்து தேவையில்லை. கவுட் இருப்பவர்களும் கீரையையும் பயறையும் கண்டு ஓட வேண்டியதில்லை. குறைக்க வேண்டியவை பீர் முதலான மது, ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகள், இனிப்புக் குளிர்பானங்கள்.

சாப்பாட்டால் மட்டும் கவுட்டைக் கட்டுப்படுத்துவது கடினம். அடிக்கடி தாக்கினால் அல்லோபியூரினால் போன்ற மருந்தால் யூரிக் அமிலத்தை 100 மில்லி ரத்தத்துக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சுமார் 6.8ஐத் தாண்டும்போதுதான் அது படிகமாகத் தொடங்குகிறது, அதற்குக் கீழே வைத்தால் படிந்ததும் மெல்லக் கரையும். மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் தாக்குதல் கூடுவதுண்டு, பயந்து நிறுத்திவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுக்கும் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகவே காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

காய்ச்சல் போய் மாதமாகிறது, மூட்டுவலி போகவில்லை.

சிக்குன்குனியா என்றால் ஆச்சரியமில்லை. 1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இதை முதலில் அடையாளம் கண்டபோது, அங்குள்ள மக்கொண்டே மொழியில் 'வளைந்து சுருண்டுபோவது' என்ற பொருளில் வைத்த பெயர் இது. வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். காய்ச்சல் இருக்கும்போதே டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

குழந்தைக்குத் தொண்டைவலி வந்து போய், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வீக்கம் தாவினால் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அது மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்பது மருத்துவர்களின் பழைய சொல். மூட்டு தானாகச் சரியாகிவிடும் என்பதால்தான் கோட்டை விடுகிறோம்.

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் சத்து மாத்திரை சாப்பிடலாமா?

2006இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்ததில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பெரிய கெடுதலும் இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கலாம் என்பது என் கட்சி.

மூட்டுக்குள் போடும் ஊசி?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். வீங்கித் துடிக்கும் மூட்டில் அந்த இடைவெளியைப் பயன்படுத்திப் பயிற்சி தொடங்கலாம். வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. முழங்காலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் குறைந்திருந்தது.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை எப்போது யோசிக்கலாம்? எத்தனை வருடம் வரும்?

எக்ஸ்ரே எவ்வளவு மோசம் என்பதைவிட வாழ்க்கை எவ்வளவு சுருங்கிவிட்டது என்று பாருங்கள். பயிற்சி, எடை, மருந்து எல்லாம் ஒழுங்காகப் பார்த்தும் இரவில் தூக்கமில்லை, நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடுவதில் புண்ணியமில்லை. முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. ஆபரேஷன் ஒரு காலைப் பொழுது, அதன்பின் மடக்கி நீட்டும் மூன்று மாதம்தான் முழங்காலைத் தீர்மானிக்கும். முன்கூட்டியே தொடைத் தசையைப் பலப்படுத்தி வருபவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். வைத்தபின் மண்டியிடுவதும் குந்தி உட்காருவதும் பலருக்குச் சிரமமாகவே இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சூடு ஒத்தடமா, ஐஸா?

புதிதாக அடிபட்டு வீங்கியதற்கும் கவுட்டுக்கும் ஐஸ், துணியில் சுற்றி, பதினைந்து நிமிடம். இறுக்கத்துக்குச் சூடு. மற்றபடி எது இதமோ அது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இரண்டையும் தாங்களாக வைத்துக்கொள்ள வேண்டாம், வெந்துபோனது தெரியாமலே கொப்புளத்தோடு வருகிறார்கள்.

கைத்தடியை வலிக்கிற காலின் பக்கம்தானே பிடிக்க வேண்டும்?

பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் பிடித்து வருகிறார்கள். மாற்றிப் பிடியுங்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். வலது காலும் தடியும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அதைவிட உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையானால் முதுகு வளையும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில். தடியின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். போன மாதம் ஒருவர் முழங்கால் வலி குறைந்து சந்தோஷமாக நடந்துவந்து, அந்த ரப்பரால் என் அறை வாசலிலேயே வழுக்கினார்.